உடைந்த ஓடும் சீமெந்தும்

(மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் கேட்டுப் பழகிய உங்களுக்கு இன்று குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அது கண்டு முகஞ் சுழிக்க மாட்டீர்கள் என நம்புகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் உடைந்த ஓடும், உடைந்த ரைல்சும், உடைந்த பீங்கானும். இவற்றை மாப்போல அரைத்துச் சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து அதன் இடத்தில் சேர்க்கலாமா, சேர்த்தால் வீடு நிற்குமா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு ஆம் என்று சொல்வோரும் இல்லை என்று சொல்வோரும் எம் மன்றத்திலேயே இருக்கின்றனர். இரு சாராரும் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர் என்பது எமது கருத்து.

இங்கு வரும் வழியிற் கண்ணைத் திறந்து பார்த்து வந்தவர்களுக்கு நாம் எதைக் குறிக்கின்றோம் என்பது விளங்கும். கூரையைக் கழற்றித் தட்டுப் போட்ட வீட்டு வாசலிற் பழைய கள்ளிக்கோட்டை ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. குளியலறையைப் புதுப்பித்த வீட்டின் வேலியோரத்திற் பழைய ரைல்ஸ் துண்டுகளும் கழிப்பறைப் பீங்கானின் பாதியும் கிடக்கின்றன. வலிகாமம் வடக்கிலே, 1990ஆம் ஆண்டிற் கைவிட்டுப்போன வளவுகளுக்குப் பல்லாண்டுகள் கழிந்து திரும்பியவர்கள், பற்றையை வெட்டிய இடத்திலெல்லாம் முதலிற் கண்டது தம் வீட்டு ஓட்டுத் துண்டுகளைத்தான். மரம் உக்கிவிட்டது, கதவைக் காணோம், ஓடு மாத்திரம் கிடந்தது.

சுட்ட மண்ணின் இயல்பு அது. கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் நிலத்தை அகழ்ந்த ஆராய்ச்சியாளர் ஈராயிரம் ஆண்டு கடந்த மட்கலத் துண்டுகளைக் கையில் எடுத்தனர். அக்காலத்து வீடும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. அவர்களுடைய சட்டிபானையின் துண்டு இருக்கின்றது. நாம் இன்று பள்ளத்திற் கொட்டும் ரைல்சும் அவ்வாறே இருக்கும். வாழைத்தோல் சில கிழமைகளில் மண்ணாகும். ஒரு முறை சூளையில் வெந்த களிமண் மறுபடி மண்ணாவதில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கம் சீமெந்து.

எம்மில் முதியவர்களுக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை நினைவிருக்கும். 1950ஆம் ஆண்டில் அங்கே உற்பத்தி தொடங்கியது; 1990இற் போர் காரணமாக நின்றது. அந்நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. அதன் ஊதுகுழலைக் கேட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் உலை வைத்தார்கள் என்று சொல்லும் அம்மாமார் இன்றும் உளர். அத்தொழிலைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயின் அது உண்டு வளர்ந்தது எதனை? மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து களிமண் வந்தது. சுண்ணக்கல்லோ எம் காலடியிலிருந்தே வெட்டப்பட்டது. ஒரு தொன் சீமெந்துக்கு ஒரு தொன்னுக்கு மேற்பட்ட சுண்ணக்கல் வேண்டும். கல் சென்ற இடத்திற் பள்ளம் நின்றது.

சுண்ணக்கல் எமக்கு வெறும் கல்லன்று. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரம் ஓடுவது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேலே ஒரு நன்னீர்ப் படலமாகத் தங்குகின்றது. அதனையே கிணற்றில் அள்ளிக் குடிக்கின்றோம், தோட்டத்துக்கு இறைக்கின்றோம். கீரிமலைக் கேணியிலே கடலுக்கு ஒரு கூப்பிடு தூரங்கூட இல்லாத இடத்தில் நன்னீர் ஊறுவது எவ்வாறென்று சிறுவயதில் வியந்திருப்பீர்கள். சுண்ணக்கல்லின் உள்வழியே நிலத்திலிருந்து கடலை நோக்கி நன்னீர் இறங்குவதுதான் அதன் காரணம். அக்கல்லை ஆழமாக வெட்டி எடுத்தால் தொட்டியின் சுவரை வெட்டி எடுப்பதை ஒக்கும். பூநகரிப் பக்கத்துப் பொன்னாவெளியிற் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழும் முயற்சியை அவ்வூரார் அண்மை ஆண்டுகளில் எதிர்த்து நின்றதும் இக்கிணற்று நீரை எண்ணித்தான். சீமெந்து வேண்டும், கல் வெட்ட வேண்டாம் என்று ஒரே மூச்சிற் சொல்வது எளிது. எம் வீடுகளெல்லாம் சீமெந்துக்கல்லில் எழும்பியவை என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் பேச்சு அது. பொன்னாவெளியில் வெட்டாத கல் புத்தளத்திலோ வேறொரு நாட்டிலோ வெட்டப்படும். அங்கேயும் கிணறு இருக்கும்.

கல்லுக்கு அப்பால் இன்னொன்று. சுண்ணக்கல்லைச் சுடும்போது அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து வானிற் போகின்றது. 100 கிலோ தூய சுண்ணக்கல்லிற் சுண்ணாம்பாகி மிஞ்சுவது 56 கிலோ. எஞ்சிய 44 கிலோவும் வாயு. விறகோ நிலக்கரியோ எதனால் எரித்தாலும் இவ்வாயு வெளிவந்தே தீரும். ஏனெனில் அது அடுப்பிலிருந்தன்று, கல்லின் உள்ளிருந்தே வருவது. அதனோடு, சூளையை ஏறக்குறைய 1450 பாகை செல்சியசு வரை எரிக்கும் எரிபொருளின் புகையும் சேரும். உலகில் மனிதன் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்திலிருந்து வருவதாகக் கணக்கிடுகின்றனர். ஆகவே சீமெந்தை முழுவதும் விடமுடியாதாயினும், ஒரு மூடைக்குள் எவ்வளவைக் குறைக்கலாம் என்று பார்ப்பது வெறும் சிக்கனப் பேச்சன்று.

இனி ஓட்டுத் தூள் எங்கே வந்து சேர்கின்றது என்பதைப் பார்ப்போம். இரசாயனம் என்றவுடன் பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து தேநீர்ப் பக்கம் போகவேண்டாம். அடுப்படிப் பேச்சிலேயே சொல்லிவிடுகின்றோம்.

சீமெந்தில் நீர் சேர்ந்தவுடன் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று கல்சியம் சிலிக்கேற்றுக் கூழ். மணலையும் சல்லியையும் கட்டிப்பிடித்துக் கல்லாக்குவது இதுவே. மற்றையது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. இறுகிய சீமெந்துக் களியில் இச்சுண்ணாம்பு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இருக்கும். இதனால் வலிமை அதிகமில்லை. நீர் ஊறினாற் கரைந்து வெளியே வரும். புதுச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள், அதிற் பெரும்பகுதி இந்தச் சுண்ணாம்பின் வேலைதான். எனவே ஒவ்வொரு கொங்கிறீற்றுத் துண்டினுள்ளும் வேலையற்ற ஒருவன் குந்தியிருக்கின்றான்.

களிமண்ணின் உடம்பு பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். பச்சைக் களிமண்ணில் அவை நீரோடு பிணைந்து, ஒழுங்காக அடுக்கப்பட்டுக் கிடக்கும். சுண்ணாம்பு வந்து தொட்டாலும் எளிதில் அசையா. சூளையிலே 600, 700 பாகை வெப்பத்தில் வைத்துச் சுட்டால் அந்நீர் வெளியேறி அடுக்குக் குலைகின்றது. அடுக்குக் குலைந்த சிலிக்காவும் அலுமினாவும் துணை தேடி நிற்கும். அந்நிலையில் மாப்போல அரைத்துச் சீமெந்தோடு சேர்த்தால், வேலையற்றுக் கிடந்த சுண்ணாம்பைப் பிடித்து மறுபடியும் அதே கல்சியம் சிலிக்கேற்றுக் கூழாக மாற்றும். அதாவது சீமெந்து தான் கழித்து விட்டதை ஓட்டுத் தூள் எடுத்துச் சீமெந்தாக்குகின்றது. இதுவே இவ்விடயத்தின் உயிர்நிலை. வெறும் மணலைப்போல இடத்தை நிரப்புவதன்று. தானும் வேலை செய்வது.

இவ்வறிவு புதிதன்று. இத்தாலியில் நேப்பிள்சு நகரத்துக்கு அண்மையிலுள்ள பொசுவோலி என்னும் ஊரில் எரிமலை கக்கிய சாம்பல் மண் சுண்ணாம்போடு சேர்ந்து நீருக்கடியிலும் இறுகுவதை உரோமர் கண்டனர். அதனால் இவ்வகைப் பொருள்களுக்கெல்லாம் பொசொலான் என்ற பெயரே நிலைத்துவிட்டது. எரிமலை இல்லாத ஊரில் என் செய்வது? கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விற்றுருவியசு என்ற உரோமக் கட்டடக் கலைஞர், ஆற்று மணலோ கடல் மணலோ சேர்க்கும் சாந்தில் மூன்றிலொரு பங்கு சுட்ட மண்ணை இடித்து அரித்துச் சேர்த்தாற் சாந்து மேம்படும் என்று எழுதிவைத்தார். இடித்து அரித்து என்பதைக் கவனியுங்கள். அதற்கு மீண்டும் வருவோம்.

எமக்கு அணித்தான சான்றும் உண்டு. 1895ஆம் ஆண்டிற் பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் இன்று நாம் அறிந்த சீமெந்து இல்லை. சுண்ணாம்பும் மணலும் சுர்க்கியுமே அதன் கொங்கிறீற்று. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள். அவ்வணையின் உள்ளிருந்து சுண்ணாம்பு கரைந்தது, பிற்காலத்தில் அதனைப் பலப்படுத்த நேர்ந்தது, அதன் பாதுகாப்புப் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் வழக்காடின என்பவற்றையும் மறைக்காமற் சொல்கின்றோம். ஆயினும் நூற்றாண்டு கடந்து நீரைத் தாங்கி நிற்கும் ஒன்றைக் குப்பை என்று எவரும் சொல்லார்.

நிற்க. சுட்ட மண்ணெல்லாம் ஒரே மண் என்று எண்ணிவிடலாகாது. எமது இளைஞர் சிலர் இவ்விடத்திற்றான் தடுக்கி விழுகின்றனர். செங்கல்லும் கூரையோடும் ஏறக்குறைய 900, 1000 பாகையில் வேகும்; அவற்றில் அடுக்குக் குலைந்த பகுதி இன்னும் ஓரளவு இருக்கும். சற்று வேகாத செங்கல் எனக் கட்டுவோர் கழித்துவிடுவது இவ்வேலைக்கு நன்கு வெந்ததைவிட மேலானது. இதுவொரு வேடிக்கை. தரைக்குப் போடும் ரைல்சும் கழிப்பறைப் பீங்கானும் 1200 பாகை அளவிற் சுடப்படுவன. அவ்வெப்பத்திற் களிமண்ணின் ஒரு பகுதி முல்லைற்று என்னும் புதிய பளிங்காக உறுதிப்பட்டுவிடும். ஒரு பகுதி கண்ணாடிபோல உருகி நிற்கும். கலந்த படிகக்கல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பளிங்கு இச்சுண்ணாம்போடு பேசாது. கண்ணாடிப் பகுதி பேசும், ஆனால் ஆறுதலாகப் பேசும். ஆகவே பீங்கான் தூளும் பயன்படுமாயினும், அதனை இன்னும் மென்மையாக அரைக்கவேண்டும், இன்னும் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும்.

பிறநாட்டார் இதனை ஆராயாமல் விடவில்லை. துருக்கியில் ஆராய்ச்சியாளர் இருவர் கழிவு ரைல்சைச் சீமெந்தில் அரைத்துச் சேர்த்து, நூற்றுக்கு 35 பங்கு வரை சேர்க்கலாம் என 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓட்டுத் தொழில் மிகுந்த ஸ்பெயினிலும் இத்தகைய ஆராய்ச்சிகள் நடந்தன. சுவிற்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் அறிஞர்கள் சேர்ந்து, சூளைச் சீமெந்தைப் பாதியாகக் குறைத்து, 30 பங்கு சுட்ட களிமண்ணும் 15 பங்கு சுடாத சுண்ணக்கல் தூளும் சிறிது உறைகளிக்கல்லும் சேர்த்து ஒரு சீமெந்தை உருவாக்கினர். அங்கே களிமண்ணை அளவான சூட்டில் அதற்கென்றே சுடுகின்றனர். எம்மிடம் இருப்பதோ வேறொரு தேவைக்கு வேறொரு சூட்டிற் சுட்டது. ஆகவே அவ்வளவு பெரிய பங்கை நாம் ஆசைப்படலாகாது. பல ஆராய்ச்சிகளின் முடிவைச் சேர்த்துப் பார்த்தால், நன்கு அரைத்த தூள் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை சேருமிடத்துப் பெரும்பாலும் கேடில்லை. முதற் கிழமையில் வலிமை பின்தங்கும். ஒரு மாதத்தில் நெருங்கும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஈடு செய்துகொள்ளும். அதற்குமேற் போகப்போக வலிமை இறங்கும்.

இவ்வாறு ஒரு பங்கை மாற்றுவது எம் நாட்டுக்கும் புதிதன்று. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின் அதன் பறக்கும் சாம்பல் சீமெந்திற் கலந்து விற்கப்படுகின்றது. அதுவும் பொசொலான் வகையே.

இவ்வளவும் ஏட்டறிவு. ஏட்டறிவை நம்பி நாம் செய்த ஒரு காரியத்தையும், அதில் நாம் பட்ட வெட்கத்தையும் சொல்லவேண்டும்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் சீமெந்து விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது உங்களுக்கு மறந்திராது. அப்போது எமது மண்டபத்தின் பின்புறத்துக் கிணற்றடி நிலத்தைப் புதிதாக்க வேண்டியிருந்தது. கையிற் காசு குறைவு. வாசலிற் பழைய ஓடு ஒரு லொறி. இளைஞர் சிலர் எங்கோ வாசித்ததை வைத்துக்கொண்டு, ஓட்டைத் தூளாக்கிச் சீமெந்தின் மூன்றிலொரு பங்குக்குப் பதிலாகப் போடுவோம் என்றனர். நாமும் உடன்பட்டோம். உரலிலிட்டு உலக்கையால் இடித்தோம். மா அரிக்கும் அரிதட்டில் அரித்தோம். தகரத்தால் அளந்து கலந்தோம். வேலைக்கு வந்த மேசனார் ஒன்றும் சொல்லாமல் நீரை மாத்திரம் இரண்டு வாளி கூட விட்டார். தூள் நீரை உறிஞ்சுகின்றது, சாந்து இழுபடவில்லை என்று. மூன்றாம் நாள் சாக்கை எடுத்துவிட்டோம். ஒரு மாதம் கழிந்தபின் வாளி வைத்த இடமெல்லாம் குழி. காலால் உரசினாற் சிவப்புத் தூள் கிளம்பியது. வருவோர் போவோர் எல்லாம் மன்றத்துப் பிள்ளைகளின் விஞ்ஞானம் என்று சொல்லிச் சிரித்தனர். நியாயமான சிரிப்பு.

பின்னர் அமர்ந்து யோசித்தபோது நான்கு பிழைகள் தெரிந்தன. முதலாவதும் பெரியதும் தூளின் பருமன். சுண்ணாம்பு ஓட்டுத் துணிக்கையின் மேற்புறத்தை மாத்திரமே தொடும். துணிக்கை பெரிதானால் உள்ளேயிருப்பது முழுவதும் வீண். அது மணலே அன்றிச் சீமெந்தன்று. மா அரிதட்டில் விழுவது எமக்கு மென்மை. சீமெந்துக்கு அது சல்லி. இத்தகைய பொருளுக்கான அமெரிக்க நியமம் 45 மைக்குரோன் கண்ணுள்ள அரிதட்டில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் மாத்திரமே தங்கலாம் என்று விதிக்கின்றது. 45 மைக்குரோன் என்பது மனிதத் தலைமயிரின் தடிப்பிலும் குறைவானது. உலக்கை அதற்கு எட்டாது. இரண்டாவது, மூன்றிலொரு பங்கு என்ற பேராசை. மூன்றாவது, கூடவிட்ட நீர். நான்காவது, மூன்றே நாளில் நனைப்பதை நிறுத்தியது. ஓட்டுத் தூளின் வேலை சீமெந்து தன் வேலையைத் தொடங்கிய பின்னரே ஆரம்பிப்பது. அது வேலைக்கு வந்த நேரத்தில் நாம் நீரை எடுத்துவிட்டோம்.

ஐந்தாவது பிழையொன்றைப் பின்னரே கண்டுபிடித்தோம். நாம் வாங்கிய சீமெந்து மூடையிலே இருந்த எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. எம் நாட்டில் எஸ்.எல்.எஸ். 107 என்று பொறித்திருந்தால் அது சாதாரணச் சீமெந்து, எஸ்.எல்.எஸ். 1247 என்றிருந்தால் அது ஏற்கெனவே கலப்புச் சீமெந்து, சாம்பலோ வேறெதுவோ உள்ளே சேர்ந்தது. எமது மூடை பின்னையது. அதன் சுண்ணாம்பைப் பிடிக்க அதனுள்ளேயே ஆள் இருக்கும்போது, அதன்மேல் நாம் மூன்றிலொரு பங்கு எடுத்தோம். பசிக்கு ஒருவருக்குப் போதுமான சோற்றுக்கு மூவரைக் கூட்டிவந்து இருத்திய கதை.

மறுமுறை அவ்வாறு செய்யவில்லை. மட்பாண்டத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் மெருகுப் பூச்சு அரைக்கும் உருளை ஆலை வைத்திருக்கின்றார். உருளைக்குள்ளே கடினமான குண்டுகள் உருண்டு உருண்டு அரைக்கும். அதிலே ஓட்டையும் செங்கல்லையும் அரைப்பித்தோம். விரலிடையில் உரசினாற் பருமன் ஒன்றும் தெரியவில்லை. சாதாரணச் சீமெந்து 40 கிலோவுக்குத் தூள் 10 கிலோ, தராசில் நிறுத்தே சேர்த்தோம். தகரத்தால் அளந்தாற் பிழைக்கும். தூள் சீமெந்திலும் பாரம் குறைந்தது. பழைய கிணற்றடியை உடைத்துப் புதிதாகப் போட்டு, இருபத்தெட்டு நாளும் சாக்குப் போட்டு நனைத்தோம். இளைஞர் முறை வைத்து நீர் ஊற்றினர். ஓரிருவர் முறை தவறியதும் உண்டு, பெயர் சொல்லவில்லை. அந்நிலம் இன்று மூன்றாவது மாரியையும் கண்டுவிட்டது. கூட்டம் முடிந்ததும் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் உரசிப் பாருங்கள்.

இதனைக் கேட்டவுடன் நாளைக்கே தட்டுக்கும் தூணுக்கும் போடலாம் என்று எவரேனும் எழுந்தால், எம் பேச்சு வீணாயிற்று. கிணற்றடி பிழைத்தாற் சிரிப்பு. தட்டுப் பிழைத்தால் உயிர். பொறியியலாளர் ஒருவரின் பொறுப்பில், கனக்கட்டி வார்த்து உடைத்துப் பார்த்த பின்னரன்றி, தூண், வளை, தட்டு ஆகிய பாரம் தாங்கும் உறுப்புகளுக்கு இதனைத் தொடவே கூடாது. நிலம், நடைபாதைக் கல், சுவர்ப் பூச்சு, மதில், வடிகால் ஆகியவற்றிற் கற்றுக்கொள்வோம். அவற்றிலே வீட்டுச் சீமெந்தின் பெரும்பங்கு போகின்றது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடற்கரையூர்களில் வீடு கட்டுவோர் இன்னுமொன்றைக் கேட்டறிய வேண்டும்: பொசொலான் நன்கு வேலை செய்த கொங்கிறீற்றிலே துவாரங்கள் நுண்ணியவாகி உப்பு உட்செல்வது குறையும் என்பர். இரும்பு துருப்பிடித்துத் தட்டுப் பொருமிப்போகும் எம் கரையோரத்துக்கு அது சிறிய காரியமன்று. அதையும் பொறியியலாளரே பார்த்துச் சொல்லட்டும்.

தூசைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. ஓட்டிலும் ரைல்சிலும் உள்ள படிகச் சிலிக்காவின் நுண்தூசு நுரையீரலிற் படிந்து, ஆண்டுகள் கழிந்து மூச்சை அடைக்கும் நோயைத் தரும்; அந்நோய்க்கு மாற்று மருந்து இல்லை. கல்லுடைக்கும் தொழிலாளர் பட்ட பாடு அது. முதல் முறை நாம் உரலில் இடித்தபோது மூக்கைச் சாரத்து நுனியால் மூடிக்கொண்டோம். அது போதாது என்பதை அப்போது அறியோம். நனைத்துவிட்டே உடைக்கவேண்டும், மூடிய ஆலையிலே அரைக்கவேண்டும், தூசைத் தடுக்கும் முகமூடி அணியவேண்டும், சிறுவர்களை அப்பக்கம் விடலாகாது. மினுங்கும் வர்ணப் பூச்சுள்ள பழைய பாத்திரங்களிற் சிலவற்றில் ஈயம் இருக்கக் கூடுமாதலால் அவற்றை ஒதுக்கிவிடுதல் நன்று. பூச்சில்லாத கூரையோடும் செங்கல்லும் எமக்குத் தாராளமாக இருக்கின்றன.

பெரியவர் ஒருவர் எம்மிடம், "தம்பி, இது கலப்படந்தானே? சீமெந்துக்குள் ஓட்டுத் தூளைப் போட்டு விற்றால் மிளகாய்த்தூளுக்குள் செங்கல் தூள் போட்டவனுக்கும் உங்களுக்கும் என்ன வேற்றுமை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்காக அவரிடம் கோபங்கொண்ட இளைஞர்களுக்கும் சேர்த்தே மறுமொழி சொல்கின்றோம். எம் உறுப்பினரில் நால்வர் ஐவர் கல் அரியும் தொழில் செய்கின்றனர். ஒரு கல்லுக்குள் என்ன போட்டோம் என்பதை வாங்குபவர் கண்ணாற் காணமுடியாது. சுவர் வெடித்த பின்னரே காண்பார். ஆகவே தூள் சேர்த்த கல் அரிபவர், இன்ன தூள், இவ்வளவு பங்கு, இத்தனை நாள் நனைத்தது என்று எழுதித் தொங்கவிடவேண்டும். மாதிரிக் கல்லைப் பரிசோதனைச் சாலையில் உடைப்பித்துச் சான்றும் வைத்திருக்கவேண்டும். மூடையிலே 1247 என்று பொறித்து விற்பவர் கலந்ததைச் சொல்லித்தான் விற்கின்றார். சொல்லாமற் கலந்து, குறைந்த சீமெந்தின் இலாபத்தை மடியிற் கட்டுபவர் பெரியவர் சொன்ன மிளகாய்த்தூள்காரரே. அப்படி ஒருவர் எம்மிடையே தோன்றினால், உடைந்த ஓட்டுக்கு இவ்வூரிற் பின்னர் ஒருபோதும் மதிப்புக் கிடையாது.

சிக்கனம் எவ்வளவு என்று கேட்பீர்கள். அரைக்கும் கூலியும் ஏற்றியிறக்கும் கூலியும் சேர்ந்தபின் எமது கிணற்றடியில் மிஞ்சியது மிகச் சொற்பம். சிறு அளவிற் செய்பவருக்கு இது பணம் தரும் வழியன்று. அவ்வாறு சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஓட்டுக் கழிவு ஒரே இடத்தில் மலைபோலக் குவியும் தொழிற்சாலை வாசலிலோ, பல ஊர்களின் கழிவைப் பிரதேச சபை ஒரே முற்றத்திற் சேர்த்து அரைக்குமிடத்தோதான் கணக்குக் கட்டும். அதற்கு முதற்படி, கழிவைக் கலக்காமற் பிரித்து வைப்பது. ஓட்டோடு பொலித்தீனும் மரமும் சாந்தும் சேர்ந்து கிடந்தால் எந்த ஆலையும் அதனை ஏற்காது.

நம்பாதவர்கள் தம் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பை இரு பங்காக்குங்கள். ஒன்றில் மென்மையாக அரைத்த ஓட்டுத் தூளையும் மற்றதில் அவ்வளவே அரித்த மணற் தூளையும் பிசைந்து உருண்டையாக்கி, ஈரச் சாக்கில் ஒரு மாதம் சுற்றி வையுங்கள். பின்னர் இரண்டையும் நீரில் இடுங்கள். மணல் சேர்ந்தது கரைந்து குலையும். ஓடு சேர்ந்தது நீருக்கடியிற் கல்லாகக் கிடக்குமானால், உங்கள் வளவு ஓடு வேலைக்கு உதவும். அதுவும் குலைந்தால் உதவாது, அத்திவாரக் கிடங்கை நிரப்பப் போடலாம்.

நாம் பிடித்துவைத்த உருண்டைகள் மண்டபத்து வாசலிற் கண்ணாடிச் சாடிகளில் இருக்கின்றன. பன்னிரண்டு வளவு ஓடுகள், பன்னிரண்டு சாடிகள். மூன்று குலைந்துவிட்டன, அவற்றையும் எடுத்தெறியாமல் வைத்திருக்கின்றோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீதியோர ஓட்டுக் குவியல்களைப் பிரிக்கப் போகின்றோம். வருபவர்கள் சாக்கும் முகமூடியும் கொண்டு வாருங்கள். நீர் தெளிக்க வாளி மன்றத்தில் இருக்கின்றது.